உயிருக்குள் உயிர்

(காட்டுமன்னார்கோயிலில் விவசாயத் தொழிலாளரும் மாணவரும் கூடிய விஞ்ஞான வகுப்பில் பேசியது)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "வலுத்தது பிழைக்கும், இளைத்தது சாகும் என்பதுதானே பரிணாம விதி? அப்படியானால் ஏழை ஏழையாகவே இருப்பதும் இயற்கைதானே?" அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் வேறு விதமாகக் கேட்டார்: "பண்ணையும் ஆளும் உடம்பும் உசிருமாக ஒட்டி வாழ்ந்த காலம் என்று அந்தக் காலத்து மிராசுதார்கள் சொல்வார்கள். அதுவும் இயற்கை விதிதானா?"

இரண்டுக்கும் அன்றே ஒரே வார்த்தையில் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்ன பதிலை ஒரு வார்த்தையில் மறுத்துவிடவும் முடியும். ஆகவே இயற்கை என்ன செய்கிறது என்பதை முதலில் நேரில் பார்ப்போம். தீர்ப்பைப் பிறகு வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் குடிசையின் நடுக்கழியில், பழைய கதவு நிலையில், மண் பூசினாற்போல் ஒரு கோடு ஏறியிருக்கிறதே, அதைச் சுரண்டினால் போதும். உள்ளே இருப்பது கறையான். இன்றைய பேச்சுக்கு அதுதான் கதாநாயகன்.

ஏடு தின்ற ஜந்து

கறையானுக்கும் நம் வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. நம்பியாண்டார் நம்பி பிறந்ததாகச் சொல்லப்படும் திருநாரையூர் நம் ஊருக்கு அதிக தூரமில்லை. தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியும் தேடிப்போய்த் திறந்து பார்த்தபோது, பெரும் பகுதியைக் கறையான் அரித்துவிட்டிருந்தது, மிஞ்சியது சிறு பங்குதான் என்று மரபுக் கதை சொல்கிறது. கதையில் சரித்திரம் எவ்வளவு என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஏட்டைக் கறையான் தின்னும் என்பதில் விவாதம் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பனையோலையும் மரமும் வைக்கோலும் பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனவை. நாம் அதைத் தின்றால் சீரணமாகாது. புலிக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. அரிசி முனை அளவுகூட இல்லாத இந்த ஜந்து மட்டும் எப்படி உத்தரத்தைத் தின்று உயிர் வாழ்கிறது?

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கறையானும் ஒன்றல்ல. வயல் மேட்டில் ஆள் உயரம் புற்று எழுப்புகிற கறையான் ஒரு வகை. அது புற்றுக்குள் காளான் பயிரிடும் விவசாயி. மரத்துணுக்கையும் சருகையும் கொண்டு போய்ப் பாத்தி போட்டு அதில் பூஞ்சையை வளர்த்து, அதன் உதவியால் சாப்பிடுகிறது. மழைக்குப் பிறகு நாம் பறித்துவந்து குழம்பு வைக்கிறோமே புற்றுக்காளான், அது அந்தப் பாத்தியில் முளைத்ததுதான். இந்த ஏற்பாடு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றொரு வகை, பெரிய புற்று கட்டாமல் மண்ணுக்கடியிலும் மரத்துக்குள்ளும் குடியிருந்து, மரத்தையே நேராகத் தின்னும் கறையான். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் காப்டோடெர்மிஸ் என்பது இந்த வகை. இன்றைய பேச்சு இந்த இரண்டாவது கறையானைப் பற்றியது.

குடலில் ஒரு கூட்டம்

1877ஆம் ஆண்டிலேயே ஜோசப் லெய்டி என்ற அமெரிக்க விஞ்ஞானி, மரம் தின்னும் கறையானின் குடலைக் கீறி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். திருவிழாக் கூட்டம் போல உள்ளே ஆயிரக்கணக்கான ஓரணு உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! ஒரே ஓர் அணுவாலான பிராணிகள். ஆனால் உடல் முழுவதும் சாட்டை போன்ற நுண்ணிழைகள். 'டிரைக்கோநிம்ஃபா' என்று அவர் பெயரிட்டது இப்படிப்பட்ட ஒன்றைத்தான். நம் நாட்டிலும் கோவாவைச் சேர்ந்த ஃபுரோயிலானோ டி மெல்லோ என்ற மருத்துவப் பேராசிரியர் இந்தியக் கறையான்களின் குடலில் வாழும் இத்தகைய உயிர்களை ஆராய்ந்து விவரித்தார்.

இந்தக் கூட்டம் சும்மா தங்கியிருக்கிறதா, வேலை செய்கிறதா? 1920ஆம் ஆண்டுகளில் கிளீவ்லாண்டு என்ற அமெரிக்கர் இதைச் சோதனை செய்து பார்த்தார். கறையானைக் கொல்லாமல், அதன் குடலில் உள்ள ஓரணு உயிர்களை மட்டும் வெப்பத்தால் கொன்றார். கறையான் முன்போலவே மரத்தைத் தின்றது. வயிறு நிறையத் தின்றது. ஆனால் சில வாரங்களில் பட்டினியால் செத்தது! வேறு கறையானின் குடலிலிருந்து ஓரணு உயிர்களை மீண்டும் கொடுத்தபோது பிழைத்துக்கொண்டது. ஆக, அரைப்பது கறையான். சமைப்பது உள்ளே இருக்கும் கூட்டம். கறையானே சுரக்கும் சீரண நீரும் ஓரளவு உதவுகிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனாலும் பெரும் பங்கு வேலை அந்தக் கூட்டத்தினுடையதே.

இதோடு கதை முடிந்திருந்தால் நாம் இவ்வளவு நேரம் பேச வேண்டியதில்லை. அந்த ஓரணு உயிருக்குள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது!

மூன்றாவது சுற்று

காப்டோடெர்மிஸ் கறையானின் குடலில் உள்ள ஓரணு உயிர்களில் மிகப் பெரியது 'சூடோடிரைக்கோநிம்ஃபா'. பெரியது என்றால், ஒரு மில்லிமீட்டரில் சுமார் கால் பங்கு. அந்த ஒரே அணுவுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஊரின் ஜனத்தொகையைவிடப் பெரிய கூட்டம், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிக்குள்!

அவை அங்கே என்ன செய்கின்றன? மரத்தில் மாவுச்சத்து வகை ஏராளம். ஆனால் நைட்ரஜன் மிகக் குறைவு. நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் உடல் இல்லை. வயலுக்கு யூரியா போடுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மரம் மட்டும் தின்னும் கறையானுக்கு யூரியா எங்கிருந்து வரும்? ஜப்பானில் யூய்ச்சி ஹொங்கோவும் அவருடைய சகாக்களும் அந்த பாக்டீரியாவின் ஜீன்கள் முழுவதையும் படித்து 2008இல் விடையை வெளியிட்டார்கள். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கும் சக்தி இந்த பாக்டீரியாவுக்கு இருக்கிறது. கழிவாகும் நைட்ரஜனையும் வீணாக்காமல் மறுபடி புரதத்தின் மூலப்பொருள்களாக மாற்றித் தருகிறது. பதிலுக்கு, ஓரணு உயிர் மரத்தை உடைத்து எடுத்த சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது.

ஆக மூன்று சுற்று. கறையான் மரத்தை அரைத்துக் கொடுக்கிறது. அதற்குள் இருக்கும் ஓரணு உயிர் அதைச் சர்க்கரையாக்குகிறது. அதற்குள் இருக்கும் பாக்டீரியா உரத் தொழிற்சாலை நடத்துகிறது. இதில் எந்த ஒன்றும் இன்று தனியே பிழைக்க முடியாது. சுதந்திரமாகத் திரியும் பாக்டீரியாவுக்குத் தேவையான பல ஜீன்களை உள்ளே குடியேறிய பாக்டீரியா இழந்துவிட்டது. வெளியே தள்ளினால் சாகும். உள்ளே வைத்திருப்பவனுக்கும் அது இல்லாவிட்டால் பஞ்சம்.

ஏட்டுப் பிழையும் குடும்ப மரமும்

இந்த உறவு எவ்வளவு பழையது? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நம் ஏடுகள் உதவிக்கு வருகின்றன.

பழைய இலக்கியங்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாத ஐயர் போன்றவர்கள் ஒரே நூலின் பல ஏடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏடு பார்த்து ஏடு எழுதும்போது எழுதுகிறவர் அங்கங்கே ஓர் எழுத்தைப் பிழையாக எழுதுவார். அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவார். ஆகவே இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று ஊகிக்கலாம். பிழைகளை வைத்தே ஏடுகளின் வம்சாவளியை எழுதிவிடலாம்.

ஜீனும் ஏடுதான். ஒவ்வொரு தலைமுறையிலும் பிரதி எடுக்கப்படுகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறுகிறது. மாறுதல்களை ஒப்பிட்டு எந்த உயிர் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று குடும்ப மரம் வரையலாம்.

ஜப்பானிய விஞ்ஞானி நோடாவும் அவருடைய சகாக்களும் இதைத்தான் செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல கறையான் இனங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் குடும்ப மரத்தை வரைந்தார்கள். அவற்றின் குடலில் உள்ள சூடோடிரைக்கோநிம்ஃபாக்களின் குடும்ப மரத்தைத் தனியே வரைந்தார்கள். அவற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களின் மரத்தையும் தனியே வரைந்தார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கிளைகள் ஏறத்தாழ ஒன்றாகவே பிரிந்திருந்தன! கறையான் இனம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஓரணு உயிரும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அதற்குள் இருந்த பாக்டீரியாவும் பிரிந்திருக்கிறது. அங்கங்கே விலகல்கள் உண்டு. அதையும் அவர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மொத்தத்தில் மூன்று வம்சங்கள் கைகோத்துக்கொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்துவந்திருக்கின்றன.

எப்படிக் கைவிடாமல் நடந்தன? ஈசல் பறப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அது இறகு முளைத்த கறையான். தாய்க்கூட்டை விட்டுப் பறக்கும்போது தன் குடலில் அந்தக் கூட்டத்தையும் தூக்கிக்கொண்டுதான் பறக்கிறது. கீழே விழுந்து இறகை உதிர்த்து ஜோடி சேர்ந்து புதுக்கூடு அமைக்கும்போது, பிறக்கும் குஞ்சுகளுக்குத் தன் பின்குடலிலிருந்து வரும் திரவத்தை ஊட்டுகிறது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் அதுதான் அந்தக் குலத்தின் தாய்ப்பால். இன்னும் ஒன்று: வளரும் கறையான் சட்டை உரிக்கும்போது குடலின் உட்தோலும் உரிந்துபோகிறது. உள்ளே இருந்த கூட்டமும் போய்விடும். அப்போது கூட்டாளிகள் மறுபடி ஊட்டினால்தான் அது பிழைக்கும். தனிக் கறையானுக்கு வாழ்வில்லை. கூட்டமாக வாழ்ந்தாக வேண்டிய தேவை அதன் குடலிலேயே எழுதியிருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை நேராகக் கைமாறியதால்தான் மூன்று மரங்களும் ஒத்துப்போகின்றன.

மாட்டின் கதை வேறு

இதைப் பார்த்து, உள்ளே வாழும் எல்லாமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் கொட்டிலில் நிற்கும் மாட்டைப் பாருங்கள். சம்பா அறுத்துப் போட்ட வைக்கோலை அசைபோடுகிறது. அதன் முதல் இரைப்பையில், ஒரு மில்லி லிட்டர் திரவத்தில் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் வரை ஓரணு உயிர்கள் இருக்கும். அவற்றின் மேலும் உள்ளும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓரணு உயிர் வெளியே விடும் ஹைட்ரஜன் இவற்றுக்கு உணவு. மாடு ஏப்பம் விடும் மீத்தேனில் கணிசமான பங்கு இந்தக் கூட்டாளிகளின் உற்பத்தி.

கன்றுக்கு இவை எங்கிருந்து வருகின்றன? தாய் நக்குவதிலும் உமிழ்நீரிலும். பிறந்தவுடன் கன்றைத் தனியே பிரித்து வளர்த்தால் அதன் வயிற்றில் இந்த ஓரணு உயிர்கள் இருப்பதில்லை. ஆனால் கறையானைப் போல அது செத்துவிடுவதில்லை. இரைப்பையில் உள்ள பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. மீத்தேன் நுண்ணுயிர்களும் ஓரணு உயிரை அடிக்கடி மாற்றிக்கொள்ளக்கூடியவை. அங்கே குடும்ப மரங்கள் கறையானுடையதைப் போல ஒத்துப்போவதில்லை. ஆகவே இயற்கையில் ஒட்டி வாழ்வதற்கு ஒரே சட்டம் கிடையாது. எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு என்பது அந்தந்த இடத்து நிலைமையைப் பொறுத்தது. இந்தப் பாடத்தை மறக்காதீர்கள். கடைசியில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

பயிர் பச்சையான கதை

வீராணத்துத் தண்ணீர் பாய்ந்த வயலில் பாசி படரும். அதில் நீலப்பசும்பாசி என்று ஒரு வகை உண்டு. பாசி என்று சொன்னாலும் உண்மையில் அது பாக்டீரியா. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து நெல்வயலுக்கு உரமாக்குவது இதுதான் என்று 1939இல் பி. கே. டே என்ற வங்காள விஞ்ஞானி காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் வளர்த்த ஆராய்ச்சி மரபிலிருந்து வந்த தேசிகாச்சாரி, நீலப்பசும்பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட பெரிய நூல் உலகெங்கும் பெயர் பெற்றது.

இந்தப் பாசிக்கும் நெல்லின் பச்சைக்கும் என்ன சம்பந்தம்? நெல் இலையின் பச்சை அணுக்களில் பசுங்கணிகம் என்ற பச்சை உருண்டைகள் உள்ளன. சூரிய ஒளியைப் பிடித்துச் சோறு சமைப்பவை அவைதான். 1905இல் ரஷ்யாவைச் சேர்ந்த மெரெஷ்கோவ்ஸ்கி ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார்: இந்தப் பச்சை உருண்டைகள் செடியின் சொந்த உறுப்பு அல்ல, பழங்காலத்தில் ஓர் அணுவுக்குள் குடியேறிய நீலப்பசும்பாசியின் சந்ததிகள்! அவருக்கு முன்பே ஃபாமின்ட்சின் என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்தத் திசையில் சோதனைகள் செய்துவந்தார். 1924இல், சோவியத் ஆட்சி வந்த பிறகு, கோசோ-போலியான்ஸ்கி என்பவர் கூட்டு வாழ்விலிருந்து புதிய உயிர்கள் பிறப்பதைப் பரிணாமத்தின் ஒரு பெரும் வழியாக விளக்கி நூல் எழுதினார். மேல்நாடுகளில் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்களில் பலர் சிரித்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மெரெஷ்கோவ்ஸ்கி அரசியலில் படுபிற்போக்காளர். ஜாராட்சியின் பக்கம் நின்றவர். ஆனால் பசுங்கணிகத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. சொன்னவன் யார் என்று பார்த்து விஞ்ஞான உண்மையை எடை போட முடியாது.

1967இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இந்தக் கருத்தைப் புதிய ஆதாரங்களோடு மீண்டும் கொண்டுவந்தார். பசுங்கணிகம் மட்டுமல்ல, நம் உடலின் அணுக்களில் மூச்சுக்காற்றைக்கொண்டு சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் சுதந்திரமாகத் திரிந்த பாக்டீரியாதான் என்றார். பிறகு ஜீன் ஏடுகளைப் படிக்கும் கலை வளர்ந்தது. படித்துப் பார்த்தபோது பசுங்கணிகத்தின் ஏடு நீலப்பசும்பாசியின் ஏட்டோடும், மைட்டோகாண்ட்ரியாவின் ஏடு பாக்டீரியாவின் ஏட்டோடும் சொந்தம் கொண்டாடியது. இன்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இது இருக்கிறது.

"நூறு கோடி ஆண்டுக்கு முந்திய கதையை யார் பார்த்தது?" என்று கேட்கலாம். அப்படிப்பட்ட ஒன்று கண்ணெதிரே நடந்ததும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் குவாங் ஜியோன் என்பவர் வளர்த்துவந்த அமீபாக்களில் ஒரு நோய் புகுந்தது. ஒவ்வோர் அமீபாவுக்குள்ளும் அறுபதாயிரம் முதல் ஒன்றரை லட்சம் வரை பாக்டீரியா. பெரும்பாலான அமீபாக்கள் செத்தன. அவர் சாவாமல் தப்பியவற்றைக் காப்பாற்றி வளர்த்தார். சில ஆண்டுகளுக்குப் பின், அமீபாவின் உட்கருவை எடுத்து பாக்டீரியா இல்லாத பழைய வகை அமீபாவுக்குள் வைத்துப் பார்த்தார். அது செத்தது! பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைத்தது. கொல்ல வந்த நோய், இல்லாவிட்டால் வாழ முடியாத உறுப்பாக மாறிவிட்டது. ஒரு மனிதரின் ஆராய்ச்சிக் காலத்துக்குள் இத்தனையும் நடந்தது.

மலேரியாவுக்குள் ஒரு பாசி

இது வெறும் வேடிக்கை அறிவு அல்ல. 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பிறகு நூறு ஆண்டுகள் அந்தக் கிருமியை ஆராய்ந்த பிறகே அதற்குள் ஒளிந்திருந்த ஒன்று அடையாளம் தெரிந்தது. 1990ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கிருமிக்குள் நிறமிழந்த ஒரு பசுங்கணிகம் இருப்பதாக உறுதிப்பட்டது! அதன் முன்னோன் எப்போதோ ஒரு செம்பாசியை விழுங்கி வைத்துக்கொண்டது. இன்று அதில் பச்சையும் இல்லை, ஒளிச்சமையலும் இல்லை. ஆனால் கிருமிக்கு இன்றியமையாத சில பொருள்கள் அங்கேதான் தயாராகின்றன.

அந்த உறுப்பு பாக்டீரியா வம்சம் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதையும் தாக்குகிறது. டாக்சிசைக்ளின் என்ற மருந்து மலேரியாவுக்கு வேலை செய்வதன் ரகசியம் இதுதான். நம் பக்கத்தில் பலர் அவதிப்பட்ட யானைக்கால் நோயின் புழுவுக்குள்ளும் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அதே மருந்து அந்தக் கூட்டாளியைக் கொன்று புழுவை மலடாக்குகிறது. எதிரிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று அறிந்தவனுக்கு ஓர் ஆயுதம் கூடுதலாகக் கிடைக்கிறது.

இனி அந்த இரண்டு கேள்விகள்

மாணவ நண்பரே! வலுத்தது பிழைக்கும் என்ற வாசகத்தை வைத்துக்கொண்டு கறையானைப் பாருங்கள். அங்கே வலுத்தது எது? அரைக்கத் தெரிந்தும் சீரணிக்க முடியாத கறையானா? வெளியே வந்தால் சாகும் ஓரணு உயிரா? பாதி ஜீன்களைத் தொலைத்த பாக்டீரியாவா? தனித்தனியே பார்த்தால் மூன்றும் இளைத்தவை. சேர்ந்து நின்றதால் காட்டையே தின்று தீர்க்கின்றன. டார்வினும் வாழ்க்கைப் போராட்டம் என்ற சொல்லை ஒன்றையொன்று சார்ந்து நிற்பதையும் சேர்த்தே பரந்த பொருளில் வழங்கினார். 'தகுதியானது பிழைக்கும்' என்ற வாசகத்தை 1864இல் முதலில் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர்தான். ஏழையின் வறுமைக்கு இயற்கையின் முத்திரையைக் குத்த நினைத்தவர்கள் அந்த வாசகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியவரே! உங்கள் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒட்டி வாழ்தல் இயற்கை என்றால் பண்ணையும் ஆளும் ஒட்டி வாழ்ந்ததும் இயற்கைதானே என்று கேட்டீர்கள். இதற்கு நாம் எதிர்ப்பக்கத்து ஆளைப் போலவே இயற்கையிலிருந்து ஒரு நீதிக்கதையைப் பிடுங்கி வந்து பதில் சொல்லலாம். 'இயற்கை முழுவதும் ஒத்துழைப்பே' என்று பாடலாம். ஆனால் அது உண்மையாகாது. ஜியோனின் அமீபாக்களில் பெரும்பாலானவை செத்துத்தான் மீதி பிழைத்தன. மலேரியாக் கிருமியும் அதன் பாசியும் ஒத்துழைப்பது நம் ரத்தத்தைக் குடிக்கத்தான். இயற்கை நீதி நூல் எழுதுவதில்லை. அது நடந்ததைச் சொல்லும். நடக்க வேண்டியதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, அவர்கள் உவமையை அவர்கள் சொற்படியே எடுத்துக்கொண்டு சோதிப்போம். கறையானும் அதன் உள்ளுயிரும் வேறு வேறு வம்சங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் தனித்தனி ஏடாக எழுதப்பட்டுவந்தவை. ஒன்றின் பிள்ளை மற்றொன்றாக ஆகவே முடியாது. அந்த பாக்டீரியாவுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, கூலி பேசத் தெரியாது, கதவைத் திறந்து வெளியே போகவும் முடியாது. மிராசுதாரும் பண்ணையாளும் அப்படியா?

ஏட்டைப் பார்த்துவிடலாம். நம் உடலின் அணுக்களில் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது என்று சொன்னோம். அந்தப் பழைய பாக்டீரியா இன்றும் தன் ஏட்டைத் தனியே வைத்திருக்கிறது. அது தகப்பனிடமிருந்து வருவதில்லை. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. கறையான்களின் குடும்ப மரத்தை நோடா குழுவினர் வரைந்ததும் இதே மைட்டோகாண்ட்ரியாவின் ஜீன்களை வைத்துத்தான். மனிதருடைய ஏட்டையும் அப்படியே ஒப்பிட்டார்கள். 1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவர், பல கண்டங்களைச் சேர்ந்த 147 பேருடைய மைட்டோகாண்ட்ரியாவைச் சோதித்தார்கள். தாயின் தாய், அவள் தாய் என்று பின்னோக்கிப் போனால், எல்லாக் கோடுகளும் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தன. அன்று அவள் ஒருத்திதான் உலகில் இருந்தாள் என்று அர்த்தமில்லை. மற்றப் பெண்களின் தாய்வழிக் கோடுகள் இடையில் அறுந்துபோயின. பிறகு வந்த ஆராய்ச்சிகள் ஆண்டுக் கணக்கைச் சற்றுத் திருத்தினாலும் முடிவு மாறவில்லை.

கறையான் இனங்களுக்கு வரைந்த மரத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் உயரத்தில் கிளைகள் பிரிகின்றன. மனித ஜாதிக்கு வரைந்தால் எல்லாக் கிளையும் நேற்று முளைத்த ஒரே கொப்பில் நிற்கின்றன. அக்ரஹாரத்துக்கு ஒரு மரம், ஊருக்கு ஒரு மரம், சேரிக்கு ஒரு மரம் என்று எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியவில்லை. மேலத்தெருவில் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாமல் தடுத்த கையிலும், தடுக்கப்பட்ட கையிலும் ஒரே தாய் கொடுத்த மைட்டோகாண்ட்ரியாதான் சக்தி உண்டாக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே அந்த உவமை முதல் அடியிலேயே உடைகிறது. இரண்டு வேறு உயிர்களின் உறவைக் காட்டி, ஒரே உயிரினத்தைச் சேர்ந்த இரண்டு மனிதரின் உறவுக்கு நியாயம் சொல்ல முடியாது. ஆளும் பண்ணையும் ஜீன் எழுதி வைத்த உறவல்ல. பத்திரமும் கடனும் பழக்கமும் எழுதி வைத்த உறவு. ஜீன் எழுதியதை மாற்றக் கோடி ஆண்டு வேண்டும். மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம். பல இடங்களில் மாற்றியும் இருக்கிறோம். அதை இந்தச் சபையில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு உறவையும் நம் முன்னோர் கவனித்து வைத்திருக்கிறார்கள். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல என்று பழமொழி சொல்கிறோம். பாம்புக்கும் கறையானுக்கும் இடையில் இருப்பது கூட்டு வாழ்வு அல்ல. ஒன்று கட்டியது, மற்றொன்று படுத்துக்கொண்டது. அந்த வேறுபாட்டைக் காண மைக்ராஸ்கோப்புகூட வேண்டியதில்லை.

முடிவாக ஒரு வேலை தருகிறோம். இதுவரை சொன்னதை நாம் சொன்னதற்காக நம்பாதீர்கள். பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. வாய்க்கால் பாசியில் ஒரு சொட்டு எடுத்து வாருங்கள். நிலைக்கதவை அரிக்கும் கறையான் ஒன்றையும் எடுத்து வாருங்கள். ஆசிரியர் உதவியோடு அதன் குடலை ஒரு சொட்டு உப்பு நீரில் வைத்து உடனே பாருங்கள். தாமதித்தால் உள்ளே இருப்பவை செத்துவிடும். மாணவர்கள் மட்டுமல்ல, நடவுக்குப் போய் வந்த தாய்மார்களும் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தபிறகு புதிய கேள்விகள் வரும். அவற்றோடு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.